குங்குமப் பொட்டு வைத்த பை

என் தங்கச்சி வீட்டு அடுப்பின் கண்ணாடியை நான் ஒரு முழு மாரிகாலம் வெறுத்தேன். ஐம்பத்தாறு வயது மனுசி, பேரப்பிள்ளை காணப்போகிறவள், ஒரு கண்ணாடித் துண்டை வெறுப்பாளா என்று கேட்டால், ஓம், வெறுப்பாள். வயிறு எரிய எரிய வெறுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போவோம். கதவைத் திறந்ததும் நேரே கண்ணில் படுவது அந்தக் கண்ணாடிதான். இப்போதுதான் துடைத்தது மாதிரிப் பளிச்சென்று இருக்கும். உள்ளே நெருப்பு மஞ்சளாக, புகையில்லாமல் எரிந்துகொண்டிருக்கும். என் வீட்டிலும் அதே அடுப்புத்தான். ஒரே கொம்பனி, ஒரே அளவு, ஒரே கிழமையில் ஒரே ஆள் வந்து இரண்டு வீட்டிலும் பொருத்திப் பூட்டிவிட்டுப் போனது. என்னுடைய கண்ணாடி மட்டும் இரண்டு நாளில் தார் பூசியதுபோல் கறுத்துவிடும்.

நாங்கள் இருவரும் பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். இரண்டும் பழைய வீடுகள். சுவரெல்லாம் குளிர் ஊறியவை. வீட்டைச் சூடாக்குகிற, எண்ணெயில் ஓடிய பழைய கொதிகலன் பழுதானபோது, தங்கச்சிதான் முதலில் இந்த மரக்குச்சி அடுப்பைப் பற்றி விசாரித்தாள். அவள் வாங்கப்போகிறாள் என்று தெரிந்த மறுநாளே நானும் என் மனிசனிடம் கேட்டேன். "அவை வாங்கினால் நாங்களும் வாங்கவேணுமோ?" என்றார் அவர். "குளிருக்குத்தான் வாங்குறம், அவைக்காக இல்லை," என்றேன். அது பொய்.

மரக்குச்சி என்பது நாங்கள் வீட்டில் சொல்வது. கடையில் கிரானுலே என்பார்கள். மரத்தூளை இறுக்கி அழுத்தி, சின்ன விரலிலும் மெலிதான துண்டுகளாக்கிப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்து விற்கிறார்கள். முதல் தரம் பார்த்தபோது மாட்டுத் தீவனம் என்றுதான் நினைத்தேன். அடுப்பின் பின்பக்கப் பெட்டிக்குள் கொட்டிவிட்டால், ஒரு திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிற கிண்ணத்துக்குள் தள்ளும். நல்ல குச்சி என்றால் சாம்பல் மா மாதிரி, ஒரு கைப்பிடிகூட வராது. கூடாத குச்சி என்றால் கண்ணாடி கறுக்கும், கிண்ணத்தில் கட்டி பிடிக்கும், அறை சூடேறாது. எனக்கு வாய்த்தது இரண்டாவது.

இதை ஒரு சின்ன விசயம் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வருசம் என் மகளுக்கு முதல் பிள்ளை. தை மாதம் பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் மருமகனும் பாரிசுக்குள் லா சப்பலில், நான் வேலை செய்கிற கடைக்குப் பின் தெருவில், ஐந்தாம் மாடியில், லிப்ட் இல்லாத ஒரு இரண்டறை வீட்டில் இருக்கிறார்கள். முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் வழக்கம். முப்பத்தொரு நாள் தாய்தான் பார்ப்பாள், தாய்தான் பத்தியம் சமைப்பாள். அதற்காக மேல் அறைக்குப் புதுச் சுவர்த்தாள் ஒட்டி, தொட்டிலையும் வாங்கி வைத்திருந்தேன். அவள் பிறந்தபோது எனக்கு இங்கே தாய் இல்லை. ஆசுப்பத்திரியில் இருந்து தனியாக பஸ்ஸில் வந்தவள் நான். ஆகையால் இந்த முப்பத்தொரு நாளை நான் எவ்வளவு ஆசையாக எதிர்பார்த்தேன் என்று விளங்கும்.

தீபாவளிக்கு மகளும் மருமகனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அடுப்பு காலையிலிருந்து புகைந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அணைந்தே போனது. மகள் கோட்டைக் கழற்றவில்லை. வயிற்றுக்கு மேலே கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு சோறு சாப்பிட்டாள். பின்னேரம் எல்லாருமாகத் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே கோட்டைக் கழற்றிக் கொழுவினாள், சப்பாத்தைக் கழற்றினாள், சோபாவில் காலை நீட்டினாள், பத்து நிமிசத்தில் நித்திரை. தங்கச்சி ஒரு போர்வையைக் கொண்டுவந்து காலுக்கு மேல் போட்டாள். அந்தப் போர்வையைப் பறித்து நான் போர்த்தியிருக்க வேண்டும் போல இருந்தது.

திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள்: "அம்மா, பிள்ளை பிறந்தாப் பிறகு நான் சித்தி வீட்டிலை நிக்கட்டோ? அங்கை நல்ல சூடு."

மனிசன் கண்ணாடியால் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு மாசம் கிடக்குது. அதுக்குள்ளை எங்கடை வீடும் சூடாகும்," என்றேன். அன்றிலிருந்துதான் எனக்கு விசர் பிடித்தது.

தங்கச்சியிடம் எனக்குப் பொறாமை புதிதல்ல. அவளின் மகனும் என் மகளும் ஒரே வருசத்தில் பிறந்தவர்கள். அவன் பதினொராம் மாதம் நடந்தான், இவள் பதினாலாம் மாதம். இருபத்தெட்டு வருசமாகியும் அது எனக்கு மறக்கவில்லை. அவனுக்குக் கணக்கில் வந்த புள்ளியையும் இவளுக்கு வந்த புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். அவன் பெரிய பொறியியல் கல்லூரிக்கு எடுபட்ட அன்றைக்கு இவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் கதவுக்கு வெளியே நின்று, "அவனைப் பாத்தாவது படிச்சிருக்கலாம்," என்றேன். தாய் சொல்கிற சொல்தானே என்றுதான் அப்போது நினைத்தேன்.

சரி, குச்சிக்கு வருவோம்.

நான் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற தெருவின் மேல் முனையில் ஒரு பலசரக்குக் கடையில், காசு வாங்குகிற கேஸில் நிற்கிறேன். எங்கள் சனம் முருங்கைக்காயும் மீனும் வாங்க வருகிற இடம். அங்கே கேட்டால் கிடைக்காத புத்தி இல்லை. கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே, "உங்கடை வீட்டிலை மரக்குச்சி அடுப்போ, எந்தக் குச்சி போடுறனீங்கள்?" என்று வருகிறவர்களை எல்லாம் கேட்டேன். சார்செலில் இருந்து வரும் ஒரு அண்ணை, "தங்கச்சி, ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ளை நாலு குச்சியைப் போடு. அடிக்குத் தாண்டால் நல்ல குச்சி, மிதந்தால் கூடாது," என்றார். பாண்டிச்சேரிக்கார ஐயா ஒருவர், குச்சி மினுமினுப்பாக இருக்கவேண்டும், கையால் முறித்தால் டக்கென்று சத்தம் கேட்கவேண்டும் என்றார். இன்னொரு பெண், பையின் அடியில் தூள் கிடந்தால் தொடவே தொடாதே என்றாள்.

எல்லாவற்றையும் செய்தேன். சுப்பர்மார்க்கெட்டில் ஒரு பை, கட்டடச் சாமான் கடையில் ஒரு பை வாங்கினேன். தங்கச்சியிடம் போய், "சும்மா பாக்கத்தான்" என்று அவளுடைய குச்சியில் ஒரு பிடி கேட்டேன். அவள் ஒரு ஜாம் போத்தலில் போட்டுத் தந்தாள். யன்னல் விளிம்பில் மூன்று கிளாஸ் தண்ணீரை வரிசையாக வைத்து, மூன்றிலும் போட்டேன். சுப்பர்மார்க்கெட்டுக் குச்சி மிதந்தது. கட்டடக் கடைக் குச்சி யோசித்து யோசித்துத் தாண்டது. தங்கச்சியின் குச்சி போட்ட உடனே நேரே அடிக்குப் போய்க் குந்திக்கொண்டது. அதைப் பார்த்து எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. தண்ணிக்குள்ளேயும் அவளுடையதுதான் முதலாம் பிள்ளை.

அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள். டொக்டரிடம் காட்டிவிட்டு வந்திருந்தாள். யன்னல் விளிம்பில் இருந்த கிளாஸ்களைக் குனிந்து பார்த்தாள். "இதென்ன, அம்மா?"

"சோதினை. எது நல்ல குச்சி எண்டு பாக்கிறன்."

"எது பாஸ்?"

"உன்ரை சித்தியின்ரை."

அவள் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். கிளாஸ்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த கிழமையே தங்கச்சி வாங்குகிற வியாபாரியிடமே நானும் வாங்கினேன். ஒரு லொறியில் கொண்டுவந்து கராஜ் வாசலில் அடுக்கிவிட்டுப் போனான். இனி என்ன குறை என்று நினைத்தேன். பத்துப் பத்துப் பையாகப் பிரித்து, பின்வளவில் கொட்டி, சுளகில் போட்டுப் புடைத்தேன். அரிசி புடைக்கிற அதே சுளகுதான். தூள் பறந்து முகமெல்லாம் மஞ்சள். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி வேலிக்கு மேலால் பார்த்து, "இது உங்கள் நாட்டு முறையா?" என்று கேட்டாள். "ஓம், மேடம், ஓம்," என்றேன். அவளுக்கு வேறு என்னத்தைச் சொல்வது? புடைத்துத் தூள் நீக்கிய குச்சியை இரண்டு பெரிய நீல நிறப் பீப்பாய்களில் நிரப்பி, கராஜுக்குள் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்தேன். அரிசி வைக்கிற மாதிரித்தான். அந்த ஊரில் இப்படி வேலை பார்த்துக் குச்சி எரித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கண்ணாடி இரண்டாம் நாள் கறுத்தது.

அடுப்புப் பூட்டியவனைக் கூப்பிட்டோம். அவன் முன் வாசலால் வந்து, அடுப்பைக் கழற்றிப் பார்த்து, ஊதித் துடைத்துப் பூட்டிவிட்டு, "அடுப்பில் ஒரு பிழையும் இல்லை, மேடம். எரிபொருளில்தான்," என்று சொல்லிவிட்டுப் போனான். நான் திரும்பவும் கிளாஸில் தண்ணீர் எடுத்தேன். பீப்பாயில் இருந்து அள்ளிய குச்சி, தங்கச்சியின் ஜாம் போத்தலில் மிச்சம் இருந்த குச்சி. ஒரே வியாபாரி, ஒரே மாதிரிப் பை. அவளுடையது தாண்டது. என்னுடையது கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு புட்டுமா மாதிரி உதிர்ந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வியாபாரி அவளுக்கு நல்லதைக் கொடுக்கிறான், எனக்குக் கழிவைத் தள்ளுகிறான். அவள் பிரெஞ்சு வடிவாய்ப் பேசுவாள், சிரித்துச் சிரித்துப் பேசுவாள். நான் பேசினால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். மனிசனிடம் சொன்னேன். "கோதாரி, ஒரு பை மரத்தூளுக்கு உப்பிடி யோசிக்கிறீரே," என்றார் அவர். "உங்களுக்கு ஒண்டும் விளங்காது," என்றேன்.

பிறகு நான் செய்ததை இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. தங்கச்சி வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. என்னுடையது அவளிடம். அவசரத்துக்கு என்று மாற்றி வைத்திருக்கிறோம். புதன்கிழமை எனக்குக் கடை இல்லை, அவளுக்கு வேலை. பிரிக்காத ஒரு பையை எடுத்து, சாமான் வாங்கப் போகிற இழுவைப் பைக்குள் வைத்து, இரண்டு தெருவும் தள்ளிக்கொண்டு போனேன். தெருவில் யாராவது கேட்டால் உருளைக்கிழங்கு என்று சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. அவளின் மாடிப்படிக்குக் கீழே பைகள் வடிவாக அடுக்கிக் கிடந்தன. மேலே இருந்த ஒன்றை எடுத்து, என்னுடையதை அந்த இடத்தில் வைத்தேன். ஒரே மாதிரிப் பைகள் என்பதால், பிறகு எது என்னுடையது என்று தெரியவேண்டும் அல்லவா. அவளின் சாமித் தட்டில் இருந்த குங்குமத்தை விரலில் தொட்டு, பையின் மூலையில் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். பிள்ளையாரே, இந்தப் பை அவளுடைய கண்ணாடியைக் கறுக்கப் பண்ணட்டும் என்று கேட்டேன். அவருக்கு முன்னாலேயே கேட்டேன்.

அவளிடம் எடுத்த பையை வீட்டுக்குக் கொண்டுவந்து, வழக்கம் போலப் புடைத்து, ஒரு பீப்பாயின் அடிவரைக்கும் வழித்துத் துடைத்துவிட்டு அதற்குள் கொட்டி, நாலு நாளாக அதை மட்டுமே போட்டு எரித்தேன். முதல் நாள் நன்றாக எரிந்தது. நான் துள்ளினேன். மூன்றாம் நாள் மூலையில் புகை படர்ந்தது. நாலாம் நாள் கறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் கண்ணாடியைத்தான் பார்த்தேன். பளிங்கு. சரி, என்னுடைய பையை இன்னும் பிரிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். அடுப்புக்குப் பக்கத்தில் வெறும் பைகளை மடித்துப் போடுகிற கூடை இருந்தது. மேலே கிடந்த பையின் மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு.

நான் அந்தப் பொட்டையும் நெருப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். என்னுடைய குச்சிதான் அங்கே மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கழிவு என்று நான் சொன்ன குச்சி. தங்கச்சி தேத்தண்ணியோடு வந்து, "ஏனக்கா ஒரு மாதிரி இருக்கிறியள்?" என்று கேட்டாள். "தலையிடி," என்றேன். வீட்டுக்கு வந்தும் தலையிடி போகவில்லை.

மறுநாள் விடிய வழக்கம் போலக் கராஜுக்குள் இறங்கினேன். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் சனம் இங்கே வீடு வாங்கினால் முதலில் செய்கிற வேலை, கராஜுக்குள் இரண்டாவது குசினி வைப்பதுதான். தாளித்த மணம் வீட்டுக்குள் வந்தால் கோட்டில் ஏறும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மோந்து பார்ப்பார்கள். அதனால் மேலே இருக்கிற குசினி பார்வைக்கு, கராஜில் இருப்பதுதான் சமையலுக்கு. நான் ஒவ்வொரு நாளும் விடிய அங்கே நின்று கடைக்கு இடியப்பமும் புட்டும் அவிக்கிறேன். பெட்டிகளில் அடுக்கி, ரயிலில் கொண்டுபோய்க் கடையில் கொடுப்பேன். மத்தியானத்துக்குள் விற்றுவிடும்.

அன்றைக்கு முதல் பானையின் மூடியைத் திறந்தேன். ஆவி மேலே எழும்பி, கூரையில் பட்டு, மெதுவாகக் கீழே இறங்கி, என் தலைக்கு மேலால் போய், மூடியில்லாத இரண்டு நீலப் பீப்பாய்களுக்கு மேல் படுத்தது. எத்தனையோ விடியல்கள் அதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பீப்பாய்க்குள் கையை விட்டேன். மேலே இருந்த குச்சி மெத்தென்று இருந்தது. இரண்டு விரலால் அமத்தினேன், முறிகிற சத்தமே இல்லாமல் பொடிந்தது.

அவள் பையை எரிக்கும்போது மட்டும் பிரித்துக் கொட்டுகிறாள். நான் பெரிய வேலைக்காரி, புடைத்து, தூள் எடுத்து, திறந்து வைத்து, நாள் தவறாமல் ஆவி பிடித்திருக்கிறேன். பொறாமையில் பார்த்த வேலையே என் குச்சியைக் கெடுத்தது. அங்கேயே வாளியைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குக் கடைக்குப் போனது ஒரு பெட்டி இடியப்பம் குறைவு.

மனிசனும் நானும் மிச்சப் பைகளை எல்லாம் பிரிக்காமல் மேலே கொண்டுபோய், மாடிப்படிக்குக் கீழே அடுக்கினோம். தங்கச்சி அடுக்குகிற மாதிரியே. பீப்பாய்க் குச்சியை வளவில் கொட்டினேன். மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்தேன், தெளிவு. ஐந்தாம் நாளும் தெளிவு. மேல் அறையில் கையில்லாத சட்டையோடு நிற்கலாம் போல இருந்தது. பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

கடை முடிந்த கையோடு மகளின் ஐந்து மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறினேன். அவள் கட்டிலில் இருந்து பிள்ளைக்கு வாங்கின சின்னச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "பிள்ளை, எங்கடை அடுப்பு சரி. குச்சியிலை ஒரு பிழையும் இல்லை, கராஜிலை நான் அவிக்கிற ஆவி பட்டு ஈரமானதுதான். இப்ப வீடு சித்தி வீட்டைவிடச் சூடு. நீ வந்து பார்," என்றேன்.

அவள் நிமிரவில்லை. "எனக்குத் தெரியும், அம்மா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஆவிதான் எண்டு. உங்கடை கராஜிலை அந்தப் பீப்பாயைக் கண்ட அண்டைக்கே சித்தி சொன்னவ. உங்களிட்டை நேரை சொன்னால் குறை சொல்லுறா எண்டு நினைப்பியள் எண்டு, என்னைச் சொல்லச் சொன்னவ."

நான் கதிரையில் இருந்தேன். இத்தனை நாளும் தங்கச்சியை என்னென்ன நினைத்தேன் என்று ஒவ்வொன்றாக வந்துபோனது. "பேந்து ஏன் நீ சொல்லேல்லை?"

அவள் ஒரு சட்டையை மடித்தாள், திரும்பப் பிரித்து மடித்தாள். கஷ்டமான விசயம் என்றால் அவள் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். பிரெஞ்சில்தான் சொன்னாள். "சொல்லியிருந்தால் உங்கள் வீடு சூடாகியிருக்கும். பிறகு வரமாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இருந்திருக்காது."

எனக்கு அந்த மொழி நன்றாக விளங்கும். அன்றைக்கு விளங்காமல் இருந்திருக்கலாம்.

அவள் திரும்பவும் தமிழுக்கு வந்தாள். குரல் கோபமாக இல்லை, அதுதான் இன்னும் சுட்டது. "யன்னல் விளிம்பிலை மூண்டு கிளாஸ் வச்சிருந்தியள் எல்லே. நான் சின்னனிலை இருந்து அந்தக் கிளாஸுக்குள்ளைதான், அம்மா. பக்கத்துக் கிளாஸிலை அண்ணா. இப்ப என்ரை பிள்ளையையும் போட்டுப் பாப்பியள். நிறை எவ்வளவு, நிறம் என்ன, யாற்றை பிள்ளை முதல் பிரண்டது எண்டு. எனக்கு முப்பத்தொரு நாள் அதைக் கேக்க ஏலாது."

அவள் அண்ணா என்றது தங்கச்சியின் மகனை. இரண்டு மாதம்தான் மூத்தவன்.

நான் என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "அப்ப உன்ரை சித்தியையே அம்மா எண்டு கூப்பிடு," என்றேன். சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாம் மாடியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே கதவு திறக்கும், "அம்மா" என்று கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கதவு திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விடியக்காலை தங்கச்சி கராஜுக்கு வந்தாள். மகள் சொல்லியிருக்கவேண்டும். கோட்டுக் கையை மடித்துவிட்டு, எனக்கு எதிரே நின்று மாக் குழைத்தாள். முதல் பானை அடுப்பில் ஏறியதும், "அக்கா, அந்தப் பையிலை குங்குமம் இருந்தது," என்றாள்.

"ஓம், நான்தான்," என்றேன்.

"விளங்கினது. வேறை ஆர் குச்சிப் பைக்குப் பொட்டு வைக்கப்போகினம்?" அவளின் வாய் ஓரம் கொஞ்சம் சிரித்தது. பிறகு சிரிப்பை விட்டாள். "நான் ஒண்டு சொல்லட்டோ? எங்கடை வீட்டிலை இடம் இல்லை எண்டு அவளுக்குச் சொல்லுறன். அவள் உங்களிட்டை வருவாள்."

எனக்கு வேண்டியது அதுதான். தை மாதம், என் மேல் அறை, என் தொட்டில், என் கண்ணாடிக்கு முன்னால் என் மகள். தங்கச்சி ஒரு பொய் சொன்னால் போதும். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் வருவாள் என்பது நிச்சயம். கோட்டைக் கழற்றாமல் வந்து இருப்பாள் என்பதும் நிச்சயம்.

"வேண்டாம்," என்றேன். "உன்ரை வீட்டிலையே நிக்கட்டும்."

அதைச் சொல்லிவிட்டு அழுதேன். பெருந்தன்மையால் அழவில்லை, பொறாமையில்தான் அழுதேன். எல்லாம் அவளுக்கே போகிறதே என்று அழுதேன். அவள் மாக் கையோடு என் தோளைப் பிடித்தாள். சட்டையெல்லாம் மா.

பேத்தி தை மாதக் கடைசியில் பிறந்தாள். மகள் பிள்ளையோடு தங்கச்சி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கராஜில் இடியப்பப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டி ஏறியது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்துப் பத்தியக் கறி வைத்து, சுடச்சுடத் துவாயில் சுற்றி, இரண்டு தெருவும் நடந்து தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். முதல் எட்டு நாளும் மகள் சட்டியை வாங்கி, "மெர்சி, அம்மா," என்றாள். நான் வாசலோடு திரும்பினேன். என்னை உள்ளே கூப்பிட அவளுக்கும் மனமில்லை, கூப்பிடாமல் போக எனக்கும் ரோசம்.

ஒன்பதாம் நாள் அவள் சட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "இருங்கோ," என்றாள். அடுப்புக்கு முன்னால் இருந்தேன். பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளிப் போகவில்லை, எதிரே குந்தியிருந்து என் வாயையே பார்த்தாள்.

அந்த வாய்க்குள் எல்லாம் தயாராக இருந்தது. உன்னைவிட நிறம் என்பது இருந்தது. அவன் பிறக்கும்போது இதைவிட நிறை என்பது இருந்தது. முடி குறைவு, மூக்குத் தகப்பனைப்போல, நல்லவேளை என்பதுகூட இருந்தது. நிமிர்ந்தேன். தங்கச்சியின் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு விரல் அகலத்துக்குப் புகை படிந்திருந்தது. பிள்ளை பார்க்கிற அலுப்பில் துடைக்க மறந்திருப்பாள். எனக்கு உடனே வயிற்றுக்குள் ஒரு சந்தோசம் பொங்கியது. பொய் சொல்லப்போவதில்லை, பொங்கியது. என்னுடையது இப்போது இதைவிடத் தெளிவு என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது.

மகள், "என்ன, அம்மா?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் விழுங்கினேன். இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஒண்டுமில்லை, பிள்ளை," என்றேன். "கறி ஆறுது. சாப்பிடு."